நாலு நிறப் படிக்கட்டு

கோத்தகிரி தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சரிவில் என் கடை.
வாடகை மூவாயிரத்து இருநூறு.
பனி வாடகை தருவதில்லை,
ஆனாலும் ஷட்டரைத் தூக்கியதும்
முதலில் வந்து உட்காருவது அதுதான்.

தாள் பனியைக் குடிக்கும்.
கட்டைப் பிரித்து மேசையில் விட்டால்
காலையில் ஓரமெல்லாம் அப்பளம்.
மூன்று தாள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு
உருளைக்குள் போய்
குஞ்சப்பனை வளைவில் கட்டை லாரிபோல நிற்கும்.
போகிற திசையிலேயே இழுக்க வேண்டும், மெதுவாக.
ஒருமுறை எதிர்த்திசையில் இழுத்தேன்.
உள்ளே தங்கிய நகத்தளவு துண்டு
மூன்று நாள் என்னைப் பட்டினி போட்டது.

அதற்குப் பிறகுதான் தேயிலைப் பெட்டி.
உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பு,
மேலே கம்பி வலை,
வலைமேல் தாள்கட்டு.
"கோழிக்குஞ்சு வளக்கிறியா?" என்றார் பேக்கரி செரியன்.
ஆமாம், தினம் பொரிக்கிறது:
வருமானச் சான்று, வாரிசுச் சான்று.

முதல் மெஷினை விலை பார்த்து வாங்கினேன்.
அதுதான் தப்பு.
மூவாயிரத்து ஐந்நூறு, பை இலவசம்.
அதன் மைக்குப்பி ஆயிரத்து அறுநூறு,
நூற்றெழுபது பக்கத்தில் தீர்ந்தது.
மாடு சும்மா கொடுத்துவிட்டு
வைக்கோலைத் தங்கத் தராசில் நிறுப்பவர்கள்.

அடுத்தது மைத்தொட்டி வைத்தது. மை மலிவு.
ஆனால் ஒரசோலை போஜன்
சட்டைப்பையில் பட்டா நகலோடு ஜூலை மழையில் நடந்து போய்
மறுநாள் திரும்பி வந்தார்.
மேசைமேல் அதை விரித்த விதம்
ஈர இலையை எடுத்து வைப்பதுபோல இருந்தது.
சர்வே எண்ணின் எட்டு
ஆறாகவும் இல்லாமல் பூஜ்யமாகவும் இல்லாமல் ஊறியிருந்தது.
அவர் சத்தம் போடவில்லை.
"நிலம் கரைஞ்சிருச்சும்மா" என்றார், அவ்வளவுதான்.

அதனால் ஒரு லேசரும் வந்தது,
கோயம்புத்தூரிலிருந்து, மூன்று கை மாறி.
அது மூச்சிழுத்தால் டியூப்லைட் கண் சிமிட்டும்.
கொண்டுவந்த அன்வர்தீன் சொன்னது:
டோனர் தீர்ந்ததென்று அது சொன்னால் நம்பாதே,
வெளியே எடுத்து இடம் வலம் ஆட்டு,
இன்னும் நூறு பக்கம் பேசும்.
நூற்றிப்பன்னிரண்டு பேசியது.

இப்போது கறுப்புக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று.

முகத்துக்கானதற்கு தினம் வேலை கொடுக்க வேண்டும்.
கடை திறந்ததும் ஒரு சோதனைத் தாள்:
கறுப்பு, நீலம், மெஜந்தா, மஞ்சள்,
நாலு நிறத்தில் சின்னச் சின்னப் படிக்கட்டு.
மஞ்சளைப் பார்க்க மட்டும் சன்னலுக்குப் போவேன்.
பங்குனியில் பத்து நாள் காமாலையில் படுத்தேன்.
எனக்கு மஞ்சள் வந்தது,
அதற்கு மெஜந்தா போனது.

அந்த வாரம்தான் சகாயராணி வந்தாள்.
போனில் கணவன் படம்,
முப்பதாம் நாள் பூசைக்குச் சட்டம் போட.
கட்டபெட்டு பக்கம் தேயிலை பேக்டரியில்
பதினாறு வருசம் இலை வாட்டியவர்.
அடித்தேன். முகம் பச்சையாக வந்தது.
"நாளைக்கு வாங்கக்கா, மெஷினைச் சுத்தம் பண்ணணும்"
என்று தாளைக் கசக்கப் போனேன்.
கையிலிருந்து வாங்கி
வெளிச்சத்தில் பிடித்தாள்.
"நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா
இப்படித்தான் இருப்பாரு."
காசு வேண்டாமென்றேன்.
ஸ்டேப்ளருக்கு அடியில் அறுபது ரூபாய் சொருகிவிட்டுப் போனாள்.

சுத்தம் செய்யும் பொத்தானை மூன்று முறை அழுத்தினேன்.
ஒவ்வொரு முறையும் மையைக் குடித்து
அடியிலிருக்கும் பஞ்சில் துப்பும்.
அந்தப் பஞ்சும் ஒருநாள் நிறையும்,
அன்று மெஷின் தானே கைகட்டி நிற்கும்.
நான்காவது நாள் மூன்றாம் படிக்கட்டு முழுசாக வந்தது.

சரியான நிறத்தில் இன்னொன்று அடித்து
பெட்டியில் வைத்திருக்கிறேன்.
கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்போல இருக்கிறார்.
அவள் இன்னும் வரவில்லை.
கட்டுக்கு அடியில், பல்புச் சூட்டில், அவர்.
நான் மேலிருந்து மட்டும் தாள் எடுக்கிறேன்.